பாப்பாத்தியம்மாள் கோயிலும் மாதவையாவின் கிளாரிந்தாவும்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையார் எழுப்பிய முதற் கோயில் எதுவென்று வினவினால், ஏடுகள் ஒரு பெயரைச் சொல்லும்; ஊரார் வேறொரு பெயரைச் சொல்வர். ஏடுகளில் அது 1785 ஆம் ஆண்டு ஷ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் பிரதிஷ்டை செய்த கிளாரிந்தா ஆலயம். ஊரார் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில். இரண்டும் ஒரே கட்டடம்தான். ஆயினும் இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. அவ்வாழ்வை எழுத முயன்றவர்களுள் தலைசிறந்தவர் நம் பெருங்குளம் தந்த அ. மாதவையா. அவருடைய நாவல் அப்பெண்ணுக்கு எவ்வளவு நீதி செய்திருக்கிறது, எங்கே குறை வைத்திருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேறு சபையாரின் கோயிலைப் பற்றி இவ்விதழில் ஏன் பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் ஏடு வெளியிட்ட பின்னர் அவ்வினாவுக்கு இடமில்லை. மேலும், இக்கதையின் உள்ளே கத்தோலிக்கரான நாமும் நிற்கிறோம் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் ஏடுகள் சொல்வதைப் பார்ப்போம். தஞ்சை மராட்டிய அரசைச் சார்ந்த பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் கைம்பெண்ணாகி, கும்பினிப் படையில் பணியாற்றிய லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார். கோகிலா என்பது அவருடைய இயற்பெயர் என்று வழிவழியாகச் சொல்வர். அதிகாரியிடமிருந்தே அவர் கிறிஸ்தவ மறையின் அடிப்படைகளைக் கற்றார். திருமுழுக்கு வேண்டுமென்று தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயரை நாடினார். முறையான திருமணமின்றி ஓர் ஆடவனோடு வாழும் பெண்ணுக்குத் திருமுழுக்குத் தர இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பின்னர், 1778 இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஐயர் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1780 இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. முதற் பெயர் கிளாரிந்தாவுடையது. 1881 இல் கால்டுவெல் அடிகளார் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்று நூல் இப்பட்டியலை நமக்குக் காத்துத் தந்துள்ளது. தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலம் 1980 இல் இருநூற்றாண்டு விழா எடுத்தது இப்பட்டியலின் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டேயாம்.

கால்டுவெல் அடிகளாரின் நூல் உழைப்பும் நேர்மையும் மிக்கது; இன்றும் நாம் அதையே நாட வேண்டியிருக்கிறது. எனினும் மிஷன் வரலாறு என்னும் எழுத்துவகைக்கே உரிய ஒரு சாய்வு அதற்கும் உண்டு. அதில் வினை செய்வோர் ஐயர்மார். ஊரார் வினையைப் பெறுவோர். ஐயர் வருகிறார், போதிக்கிறார், முழுக்குத் தருகிறார், பிரதிஷ்டை செய்கிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் யார் பணத்தில் வந்தன, ஐயர் இல்லாத மாதங்களில் சபையை யார் கூட்டிவைத்தார்கள் என்பன பக்கச் செய்திகளாகவே நின்றுவிடுகின்றன.

இச்சாய்வு ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. வடக்கன்குளத்தில் நம் கத்தோலிக்கச் சமூகம் 1680 இல் ஒரு நாடார் பெண்ணின் மனமாற்றத்தோடு தொடங்கியதென்று நாடார் வரலாற்றை எழுதிய ஹார்ட்கிரேவ் குறிப்பிடுகிறார். கோயில் எழுந்தது 1685 இல். ஆனால் வடக்கன்குளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் இயேசு சபைக் குருக்களும், 1745 இல் அங்கே திருமுழுக்குப் பெற்று 2022 இல் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயமும்தாம். அந்தப் பெண்ணை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இனி மாதவையாவுக்கு வருவோம். 1872 இல் பிறந்து, திருநெல்வேலியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, உப்பு இலாகாவில் அலுவல் பார்த்தவர் அவர். பத்மாவதி சரித்திரத்தால் தமிழ் நாவலின் தொடக்க ஆசிரியர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். இளம் விதவைகளின் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலாத பொருள். முத்துமீனாட்சி அதற்குச் சான்று. கிறிஸ்தவ மிஷன் சூழலும் அவருக்குப் புதிதன்று. 1909 இல் வெளியான சத்தியானந்தன் என்னும் ஆங்கில நாவல் அதையே களமாகக் கொண்டது. இவ்விரு அக்கறைகளும் சந்தித்த இடத்தில் 1915 இல் கிளாரிந்தா பிறந்தது. அதையும் அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து அவர்களின் மொழிபெயர்ப்பால் 1976 இல்தான் அது தமிழுக்கு வந்தது. அறுபத்தோராண்டுகள்! 1925 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காக வாதாடிப் பேசி முடித்த சிறிது நேரத்தில் உயிர்நீத்தவர் மாதவையா. அத்தகையவர் எழுதிய நெல்லைக் கதை நெல்லைத் தமிழருக்கு இவ்வளவு காலம் எட்டாமற் போனது ஒரு முரண்தான்.

நாவலின் பெருமை எதில் இருக்கிறது? அது தன் நாயகியை ஒருபோதும் குனிந்து பார்க்கவில்லை. மாதவையா கிறிஸ்தவர் அல்லர். ஆகவே மதமாற்றத்தை வெற்றி முழக்கமாக்க வேண்டிய தேவை அவருக்கில்லை. அவர் ஒரு பிராமணர். ஆயினும் தம் குலத்துப் பெண் ஒருத்தி குலம் துறந்து போனதை இழிவாகக் காட்டும் சிறுமையும் அவரிடமில்லை. அறிவுடைய ஒரு பெண் தன் காலத்தின் வழக்கங்களுக்கு இடையே மூச்சுவிட வழி தேடிய கதையாகவே அவர் இதைக் கண்டார். 1915 இல் இவ்வாறு காண்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். தஞ்சை அரண்மனைச் சூழலையும் அக்காலக் குழப்பங்களையும் அவர் விரித்துரைப்பதில், வரலாற்று நாவலைத் தமிழகத்து மண்ணில் ஊன்ற முயன்ற ஒருவரின் உழைப்பு தெரிகிறது. சில இடங்களில் அந்த விரிவு நம் பொறுமையைச் சோதிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாவலின் நடுநாயகமான நிகழ்ச்சி உடன்கட்டை. கணவனை இழந்த இளம் பெண்ணைச் சிதைக்கு இழுக்கிறார்கள். ஆங்கில அதிகாரி பாய்ந்து மீட்கிறான். படிப்பவர் உள்ளத்தை உலுக்கும் காட்சி. நம் ஐயமும் இங்கேதான் தொடங்குகிறது. மிஷன் ஏடுகளின் அக்கறை அவர் கைம்பெண் என்பதிலும், அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதிலும் நிற்கிறது. தீயினின்று மீட்ட காட்சியை உலகறியச் செய்தது நாவலே. இக்காட்சி நமக்கு வேறிடங்களிலும் அறிமுகமானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் ஓர் இந்துக் கைம்பெண்ணைச் சிதையிலிருந்து மீட்டு அவளோடு வாழ்ந்தார் என்பது ஆங்கிலேயர் நெடுங்காலம் சொல்லிவந்த கதை. பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் 1873 இல் வெளியிட்ட எண்பது நாளில் உலகப் பயணக் கதையிலும், அவுதா என்னும் இந்தியப் பெண் இவ்வாறே மீட்கப்படுகிறாள். மீட்கும் வெள்ளையன், மீட்கப்படும் கறுத்த பெண், பின்னர் நன்றியிலிருந்து மலரும் காதல் என்பது பேரரசுக் காலத்தின் விருப்பமான கதைச்சட்டம். பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு உண்மையில் என்ன நேர்ந்ததோ, நாவலில் அவர் வாழ்வு இந்தச் சட்டத்துக்குள் மிக எளிதாகப் பொருந்திவிடுகிறது. அப்படிப் பொருந்தும்போது அவர் முதன்மையாக மீட்கப்பட்டவர் ஆகிறார். கட்டியவர் என்பது பின்னிணைப்பாகிறது.

நாவலின் பெரும்பகுதி திருமுழுக்குக்கு முந்திய வாழ்வைச் சுற்றியே அமைந்திருப்பது இதனால்தான். நாம் அறிய விரும்பும் ஆண்டுகளோ 1778 முதல் 1785 வரையிலான ஏழு ஆண்டுகள். ஆதரவாக இருந்த அதிகாரி மறைந்துவிட்டான். பிறந்த குலம் கைவிட்டுவிட்டது. ஆங்கிலேயர் நடுவே அவர் ஆசை நாயகியாக இருந்தவர்; உள்ளூரார் நடுவே சாதி கெட்டவர். இந்நிலையில் உள்ள ஒரு பெண் கோட்டை எல்லைக்குள் நிலம் பெற்று, ஆங்கில அதிகாரிகள் சிலரையும் உதவிக்கு இணங்க வைத்து, ஒரு கோயிலை முடிக்கிறார். உபதேசியார் ஒருவர் வேண்டுமென்று தஞ்சைக்கு வேண்டுகோள் விடுக்கிறார். பல சாதியைச் சேர்ந்த நாற்பது பேர் கொண்ட சபைக்கு நடுவில் நிற்கிறார். கிணறு வெட்டுவித்தார் என்றும் பிள்ளைகளுக்குக் கல்வி தரச் செய்தார் என்றும் ஊர் நினைவு கூறுகிறது. நாவலாசிரியனுக்கு இதைவிட வளமான களம் எது? சிதையிலிருந்து ஒருவன் தூக்கிவந்த கணத்தை விட, யாரும் தூக்காமல் அவரே நடந்த இந்த ஏழு ஆண்டுகள் அல்லவோ அவர் யாரென்று காட்டக்கூடியவை! மாதவையா இங்கே அவசரமாகக் கடந்து செல்வதை நாவலின் பெருங்குறையாகக் கருதுகிறோம்.

கோயிலை எழுப்புவோர் எத்தனை வகை என்று சற்றே எண்ணிப் பார்த்தால் இக்குறையின் அளவு புலப்படும். வேற்று நாட்டில் குடியேறியவர்கள் தங்களுக்கென்று எழுப்பும் கோயில் ஒரு வகை. 1638 இல் வட அமெரிக்காவில் தெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன் நாட்டார் அத்தகையவர். அவர்கள் வழியினர் 1699 இல் பிரதிஷ்டை செய்த வில்மிங்டன் கோயில் இன்றும் பழைய சுவீடர் கோயில் என்றே அழைக்கப்படுகிறது. மிஷனரி ஒருவர் தாமே முன்னின்று எழுப்பும் கோயில் இன்னொரு வகை. இதற்கும் ஒரு சுவீடரையே சான்று காட்டலாம். ஷ்வார்ட்ஸைப் போலவே ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பயிற்சி பெற்று வந்த கீர்நாண்டர், 1740 முதல் கூடலூரில் பணியாற்றியவர். அங்கே 1749 வாக்கில் நம் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோவதாக ஐயுற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கக் கோயிலைப் பறித்து அவருடைய மிஷனுக்கு அளித்தனர். வசை பாட இதைச் சொல்லவில்லை. அரசுகளின் பகை அக்காலத்தில் பீடம் வரை வந்தது என்பதைக் காட்டவே சொல்கிறோம். 1758 இல் பிரெஞ்சுக்காரர் கூடலூரைப் பிடித்தபோது கீர்நாண்டர் தாமும் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. கல்கத்தா சென்று, பெரும்பாலும் தம் சொந்தப் பொருளில் ஒரு கோயில் கட்டி 1770 இல் திறந்தார். பின்னர் 1787 இல் நொடித்துப்போய் அக்கோயிலே கடனில் சிக்கியது. சார்லஸ் கிராண்ட் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார். அக்கோயிலின் வரலாற்றில் கீர்நாண்டர் பெயர் அழியாது நிற்கிறது. 1773 இல் இறந்த அவர் மனைவி தம் நகைகளை விட்டுச் செல்ல, அவற்றை விற்ற பணத்தில் அந்த மிஷன் பள்ளி எழுந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

பாளையங்கோட்டைக் கோயில் இவ்விரு வகையிலும் அடங்காது. குடியேறியவர் தமக்கெனக் கட்டியதன்று, மிஷனரி கட்டியதுமன்று. ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் இருந்தார். தாமிரவருணிக் கரைக்கு அவர் விருந்தினராகவே வந்து போனார். திருமுழுக்கு மறுக்கப்பட்டவர் கட்டிய கோயிலை, மறுத்தவரே வந்து பிரதிஷ்டை செய்தார் என்பதுதான் இதன் தனித்தன்மை. இதை விளங்கிக்கொள்ளாமல் எழுதப்படும் எந்த வரலாறும் நாவலும் இக்கோயிலின் வாசலில் நின்றுவிடுவனவே.

அந்த மறுப்பைப் பற்றி நாம் பேசாமல் போக முடியாது. ஷ்வார்ட்ஸ் கல்நெஞ்சர் அல்லர். சரபோஜியின் இளமையில் அவருக்குக் காவலாக நின்றவர். ஆங்கிலேயரும் மராட்டியரும் ஒருங்கே நம்பியவர். திருமண ஒழுக்கத்தைக் காக்க வேண்டியது தம் கடமை என்று அவர் கருதியது புரிகிறது. அவரிடத்தில் அக்காலக் கத்தோலிக்கக் குரு ஒருவர் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். ஆனால் அந்த உறவில் இருவர் இருந்தனர். ஒருவர் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர். மற்றவர் அதை வேண்டி நின்றவர். உறவை முறைப்படுத்தும் ஆற்றல் முதலாமவர் கையில் இருந்தது. தண்டனை இரண்டாமவர் தலையில் இறங்கியது. அதிகாரியைக் கிறிஸ்தவர் அல்லர் என்று யாரும் சொல்லவில்லை. மாதவையா இந்த உறவின் தூய்மையை நிலைநாட்டவே தம் திறமையைச் செலவிடுகிறார். அது அன்புள்ள முயற்சிதான். எனினும் கிளாரிந்தாவுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. கேட்கப்பட வேண்டியிருந்த கேள்வி, கதவு ஏன் ஒருவருக்கு மட்டும் அடைபட்டது என்பது. அக்கேள்வியை நாவல் தொட்டும் தொடாமலும் விடுகிறது.

நம் பங்குகளிலும் இக்கேள்வி உயிரோடு இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்டு இன்னொருவரோடு வாழ நேர்ந்தவர்கள், திருமணத்தை முறைப்படுத்தத் துணைவர் இசையாததால் ஆண்டுக்கணக்காக நற்கருணைக்கு வெளியே கடைசி வரிசையில் நிற்பவர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், எந்தப் பங்கில் இல்லை? திருத்தந்தை பிரான்சிஸ் 2016 இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரை, இத்தகையோரை ஒதுக்காமல் உடன் நடந்து, தெளிந்து தேர்ந்து, சபையோடு இணைக்குமாறு மேய்ப்பர்களைக் கேட்டுக்கொண்டது. அதைப் படித்தபோது நமக்குக் கிளாரிந்தாவின் நினைவு வந்தது. விதவையான பிறகே அவருக்குக் கதவு திறந்தது.

இனி ஊரார் இட்ட பெயருக்கு வருவோம். நெல்லை மக்கள் கொடுத்தவரை மறப்பதில்லை. தாமிரவருணியின் குறுக்கே 1843 இல் எழுந்த பாலத்தை வரைந்த பொறியாளர் பெயரால் யாரும் அழைப்பதில்லை. தம் சொந்தப் பணத்தைக் கொடுத்த சுலோசன முதலியார் பெயராலேயே அழைக்கிறோம். அவ்வழக்கப்படியே கோயிலும் பாப்பாத்தியம்மாள் கோயில் ஆயிற்று. ஏடுகள் ஐயரை முன்னிறுத்திய காலத்திலும், நாவல் ஆங்கிலத்தில் அடைபட்டிருந்த அறுபத்தோராண்டுகளிலும், யார் கட்டியது என்னும் உண்மையை இப்பெயர் ஒன்றே காத்தது.

ஆனால் இப்பெயரையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும். பாப்பாத்தி என்பது அவர் துறந்த சாதியின் பெயர். பல சாதியார் ஒன்றாகப் பதிவான ஏட்டில் அவர் கிளாரிந்தா. தெருவில் அவர் மீண்டும் பாப்பாத்தி. அன்பால் இட்ட பெயர்தான், 'அம்மாள்' என்னும் மரியாதையும் அதில் உண்டு. இருந்தும் திருமுழுக்கின் தண்ணீர் கழுவிவிட்டதாகச் சொல்லப்படும் ஒன்றை ஊர் நாக்கு இருநூறு ஆண்டுகளாக உலரவைத்து எடுத்து வைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது நாம் எள்ளி நகையாட உரிமையுடையவர் அல்லோம். 1872 இல் சாதிக்கொரு பகுதியாக அமைந்து, இடையே சுவர் நின்ற வடக்கன்குளம் கோயில் நம்முடையது. அச்சுவர் 1910 இல்தான் இடிக்கப்பட்டது. மாதவையா தம் நாவலுக்குக் கிளாரிந்தா என்று பெயர் சூட்டியதில், தெரிந்தோ தெரியாமலோ, ஊராரினும் ஒருபடி மேலே நிற்கிறார்.

அவர் கையிலிருந்த பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவும் இருக்கிறது. அதிகாரி விட்டுச் சென்ற செல்வம் என்பதே மரபு. கும்பினிப் படை அதிகாரியின் செல்வம் என்றால் அது எந்த வயல்களின் வரியிலிருந்து வந்தது என்று நெல்லைச் சீமைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பாளையக்காரர் போர்கள் மூண்ட காலம் அது. கோட்டைக்குள் எழுந்த கோயில், கோட்டையின் ஆங்கிலேயருக்கும் வழிபாட்டிடமாயிற்று. இவ்வினாவை நாவல் நம் மனம் நிறையும் அளவுக்கு எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் கிளாரிந்தாவின் பெருமை குறைந்திருக்காது. தமக்கு வந்த பொருளை அவர் கிணறாகவும் கோயிலாகவும் ஊருக்கே திருப்பினார் என்பது இன்னும் தெளிவாகியிருக்கும்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. கத்தோலிக்க மறையில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் சீர்திருத்தச் சபையில் இணைந்த தேவசகாயம் என்பவரின் மகன் ஒரு சிறுவன், 1774 இல் நெல்லையில் பிறந்தவன். 1785 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ் அவனைக் கண்டு, கல்வி தரத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அவனே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். கிளாரிந்தா எழுப்பிய கோயில் திறந்த அதே ஆண்டில், அதே ஊரிலிருந்து, தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பெருங்கவிஞர் புறப்பட்டிருக்கிறார். கத்தோலிக்க வீட்டில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் வழி, ஒரு பிராமணக் கைம்பெண் எழுப்பிய கோயிலைத் தொட்டு, தஞ்சை அரசவை வரை சென்ற கதை இது. 1785 ஆம் ஆண்டின் பாளையங்கோட்டையைக் களமாகக் கொண்டு இனி ஒருவர் தமிழில் நாவல் எழுதுவாராயின், சிதையை விட்டுவிட்டு அந்தக் கட்டடப் பணியில் தொடங்கட்டும். சுண்ணாம்பு அரைத்தவர்கள், கோட்டைக்குள் இடம் கேட்டு நடந்த நடை, நாற்பது பேருள் அவரோடு ஒரே வரிசையில் அமரத் தயங்கியவர்கள், கூட்டத்தில் நின்று பாட்டைக் காதில் வாங்கிய அந்தப் பதினோரு வயதுச் சிறுவன் எல்லாரும் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறார்கள்.